கொம்புச்சாவும் கள்ளுக்கடை ஈக்களும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியின் (எழுத்தரின்) சமையலறை. சாலையோரம் பீசாங் கோரெங் (மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம்) விற்கும் பாக்கியம், அடுத்த வீட்டுக்காரர் என்ற உரிமையில் பின்வாசல் வழியாக நுழைகிறார்.)

பாக்கியம்: கிராணி ஐயா, உங்கள் வீட்டுப் பழ ஈக்கள் என் மாவுக் கரைசலில் விழுந்து உயிரை விடுகின்றன. வாங்குகிறவர்கள் எள் தூவியிருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

கிராணி: அவை என் ஈக்கள் அல்ல, பாக்கியம். நீ தொங்கவிட்டிருக்கும் பழுத்த வாழைத்தாரில் பிறந்து வளர்ந்து, வயது வந்த பிறகு இந்தச் சாடியில் புளிக்கும் என் கொம்புச்சாத் தேநீரைத் தேடி வந்தவை.

பாக்கியம்: பிறந்த வீடு என்னுடையதாகவே இருக்கட்டும், புகுந்த வீடு உங்களுடையதுதானே? அது சரி, சாடியில் மிதக்கிற அந்தத் தடித்த ஆடை என்ன?

கிராணி: அதன் பெயர் ஸ்கோபி. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து, சீனி கலந்த தேநீரைப் புளிக்க வைக்கும்போது மேலே படரும் படலம். உடம்புக்கு நல்லது என்று என் மகள் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாக்கியம்: என் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்தவர், இந்த வாடையையும் இந்த ஈக்களையும் எனக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம்.

கிராணி: மெதுவாகப் பேசு! கோயில் மேடையில் மதுவிலக்கைப் பற்றிப் பேசுகிறவன் வீட்டில் கள்ளுக்கடையை ஏன் இழுக்கிறாய்? இதில் சாராயம் மிகவும் குறைவு.

பாக்கியம்: ஈ அந்தக் கணக்கைப் பார்த்தா வருகிறது? ஈஸ்ட்டும் காடி வாடையும் எங்கே இருக்கின்றனவோ அங்கே வந்து முட்டையிடுகிறது. சாடியை இறுக்கி மூடிவிட்டால் என்ன?

கிராணி: மூடக் கூடாது, ஸ்கோபிக்குக் காற்று வேண்டும். அதனால்தான் துணி கட்டியிருக்கிறேன்.

பாக்கியம்: (குனிந்து பார்த்து) இதைத் துணி என்று சொல்லாதீர்கள், ஐயா. தேங்காய்ப் பால் வடிகட்டுகிற இந்தச் சல்லாத் துணியின் கண் வழியாக ஈ தலையைக் கூடக் குனியாமல் போய்விடும். அதற்கு மேல், நூலை நீங்கள் கட்டியிருக்கிற தளர்ச்சியில் ஓரமாகவும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

கிராணி: ஈயைக் குறைவாக எடை போடாதே. 1947இல் அமெரிக்கர்கள் ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பியது இந்த இனத்து ஈக்களைத்தான். உயிரோடு திரும்பியும் வந்தன.

பாக்கியம்: விண்வெளிக்கே போய் வந்ததற்கு உங்கள் சாடி ஒரு தூரமா? நெருக்கமாக நெய்த பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, சாடியின் கழுத்தில் ரப்பர் வளையத்தை இறுக்கமாக மாட்டுங்கள்.

கிராணி: கொசு மருந்தை ஒரு முறை அடித்துவிட்டால் சுலபமாக முடிந்துவிடுமே?

பாக்கியம்: ஈயும் முடியும், குடிக்கிற நீங்களும் முடிவீர்கள். ஆடையின் மேல் புழு நெளிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று தென்பட்டாலும் ஸ்கோபி, தேநீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சாடியைக் கொதிநீரில் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க அதற்குப் பத்து நாள் போதும். நம் ஊர் வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளும்.

கிராணி: (மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நெடுநேரம் பார்த்து) புழு இல்லை. ஆனால் வெளியே பறக்கிற கூட்டத்தை என்ன செய்வது?

பாக்கியம்: குப்பைக் கூடையிலிருக்கும் பழத்தோலை இன்றைக்கே வெளியேற்றுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியின் துவாரத்தையும் தேய்த்துவிடுங்கள், அங்கேயும் குடியிருக்கும். பிறகு ஒரு குவளையில் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் ஈ நீரின் மேல் உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்து போகும். சோப்பு இருந்தால் கால் வைத்ததும் முழுகும்.

கிராணி: அந்த வித்தை எனக்கும் தெரியும். வினிகருக்குச் செலவு செய்வானேன் என்று, புளிப்பேறிப்போன பழைய கொம்புச்சாவையே ஊற்றி, ஒரு சொட்டு எதற்குப் போதும் என்று சோப்பை ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, காலையிலேயே மேசையில் வைத்துவிட்டேன்.

பாக்கியம்: மேசையில் இரண்டு குவளைகளின் அடையாளம் இருக்கிறது; குவளை ஒன்றுதானே இருக்கிறது?

கிராணி: இன்னொன்று நல்ல கொம்புச்சா. கோயில் தலைவர் சற்று முன் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். நுரை பொங்கி வந்ததைப் பார்த்து அவரே வியந்து போனார்.

பாக்கியம்: (மீதமிருக்கும் குவளையை முகர்ந்து, ஒரு வாய் குடித்து) இது நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா.