கம்பெனி வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

போன வாரம் ஒரு பையன் பட்டறைக்கு வந்து நின்றான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு, காலம் முடிந்ததும் சர்டிபிகேட்டோடு வெளியே வந்திருக்கிறான். "என்னப்பா படிச்சுக்கிட்ட?" என்று கேட்டேன். "ஒரே மெஷின்தான் அண்ணாச்சி. பீஸை வைக்கணும், பட்டனை அமுக்கணும், எடுத்து ட்ரேயில அடுக்கணும். வேற எதையும் தொடவிடல" என்றான். மேஜையில் கிடந்த மைக்ரோமீட்டரைக் கொடுத்து புஷ் என்ற சின்ன உலோகக் குழாய்த் துண்டு ஒன்றை அளந்து பார்க்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோடுகளை எண்ணத் தெரியவில்லை. முகம் சுருங்கிப்போய்க் கீழே வைத்துவிட்டான். தப்பு அவன்மேல் இல்லை.

பன்னாட்டுக் கம்பெனிகள் வரக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. திருநெல்வேலிப் பேட்டையில் லேத் வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆர்டர் வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் வளங்குன்றா வளர்ச்சி என்று மேடைகளில் பேசுகிறார்களே, அதை எங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் ஒரே கேள்விதான்: நாளைக்கு அந்தக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போனால், ஊர் தன் காலில் நிற்குமா?

இந்தக் கேள்விக்கான இரண்டு பதில்களும் எங்கள் மாவட்டத்திலேயே, ஒரே மலையைச் சுற்றி இருக்கின்றன.

எங்க அப்பா வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள், பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி 1885-இல் ஆரம்பித்த மில். அப்பா சேர்ந்தது மெக்கானிக் ஷாப்பில். முதல் ஆறு மாசம் அரம் பிடிக்க மட்டும்தான் விட்டார்களாம். ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து ஆறு பக்கமும் மட்டமாக ராவச் சொல்வார்கள். போர்மேன் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டியதுதான். சாகும் வரைக்கும் அப்பாவின் வலது உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு இருந்தது. அந்தக் கைதான் பிற்பாடு பேட்டையில் இந்தப் பட்டறையைப் போட்டது. எனக்கும், எங்களிடம் தொழில் பழகிப்போன பதினொரு பேருக்கும் சோறு போடுவது அந்தக் கை கற்றுக்கொண்டதுதான். வி.கே.புரம், அம்பை பக்கம் போய் விசாரித்துப் பாருங்கள், இதேபோல் மில்லில் தொழில் கற்றவர்களின் குடும்பங்கள் எத்தனையோ.

அதற்காக ஹார்வி கம்பெனியைத் தலையில் தூக்கிவைக்கவில்லை. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் கூலி உயர்வுக்காகவும் வார விடுமுறைக்காகவும் 1908-இல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்ற பிறகுதான் நிர்வாகம் இறங்கிவந்தது. எதுவும் தானாகக் கிடைக்கவில்லை. கேட்டு வாங்கினோம்.

இனி மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வாங்கிய பம்பாய் பர்மா கம்பெனி, வாலஸ் சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் 1863-இல் தொடங்கியது. இப்போது அது இந்திய நிறுவனம்தான். மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, தேயிலை பறித்து, லைன் வீட்டிலேயே வாழ்ந்தது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலம் போனபோது நடந்த தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போனதை நெல்லையில் யாரும் மறக்கவில்லை. அப்புறம் 2024-இல் கம்பெனி வெளியேறும்போது கையில் விருப்ப ஓய்வுக் கடிதம். மலையை விட்டு இறங்கினால் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கைக்குத் தெரிந்ததோ இலை பறிப்பது ஒன்றுதான், அதற்குச் சமவெளியில் வேலை ஏது? ஏறக்குறைய நூறு வருஷம் ஒரு தொழில் நடந்த இடத்தில், அங்கே உழைத்தவர்கள் கையில் எதுவுமே மிஞ்சவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கம்பெனிகள் செய்யும் உதவி என்றாலே இப்போது சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணம்தான் பேச்சு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலே உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி வந்த குடிநீர் இயந்திரம் இரண்டாம் வருஷமே நின்றுவிட்டது. ஃபில்டர் மாற்ற ஆளும் இல்லை, காசும் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். எனக்கு அந்த 2 சதவீதத்தைவிட மற்ற 98-ஐ எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். யாரிடம் பொருள் வாங்குகிறார்கள், யாருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள், எந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள் என்பதில்தான் ஊரின் எதிர்காலம் இருக்கிறது.

சுசூகியைப் பாருங்கள். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வந்தபோது பெரும்பாலான பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய வேண்டும் என்று அரசாங்கத்தின் நிபந்தனை இருந்தது. அதனால் குர்கான் பக்கம் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. நிபந்தனை போட்டதால் சுசூகி நஷ்டப்படவில்லையே, இந்தியாவில் அதுதானே முதலிடம்.

என் பட்டறையிலும் ஒரு தடவை அப்படி நடந்தது. நான் அனுப்பிய புஷ்களில் பாதியை ஒரு கம்பெனி திருப்பி அனுப்பியது. ஆர்டரை வெட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர்களுடைய தரப்பிரிவு ஆள் ஒருவர் இரண்டு நாள் இங்கே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பத்தாவது பீஸையும் அளந்து தாளில் புள்ளி வைக்கச் சொன்னார். மத்தியானச் சூட்டில் அளவு கூடுவதை அந்தப் புள்ளிகள் காட்டிக் கொடுத்தன. இன்றைக்கு வரை சுவரில் அந்தத் தாள் தொங்குகிறது, திருப்பி வரும் பீஸ் அபூர்வம். அந்த இரண்டு நாள் எனக்கு எந்த நன்கொடையைவிடவும் பெரிது.

இன்னொரு கம்பெனி நூற்று இருபது நாள் பில் பணத்தைத் தரவில்லை. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-இலேயே சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது, அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்த மாசம் பையன்களுக்குச் சம்பளம் போட வீட்டு நகை அடகுக்குப் போனது. சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். ஊருக்குச் செய்யும் உதவியில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

தண்ணீர் விஷயம் வேறு. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானில் உள்ள சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையில் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரக்கூடாது என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது, 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. சட்டப்படி முடிந்துவிட்டது, சரி. ஆனால் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைமடை விவசாயிக்கு அது முடியவில்லை. சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு நிலையமும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. குளிர்பானத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. மற்ற தொழிற்சாலைகளில் குளிர்விக்கவும் கழுவவும் தாராளமாக ஆகும். மாநகராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்டால் நெல்லையிலும் செய்யலாம். ஆற்றுத் தண்ணீர் வயலுக்கும் குடிக்கவும் இருக்கட்டும்.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் தொழிற்சாலையைத் திறந்திருக்கிறது. 1986 வரைக்கும் தூத்துக்குடியும் எங்கள் ஜில்லாதான். அந்த வண்டியில் ஒரு பிராக்கெட்டாவது, ஒரு புஷ்ஷாவது பேட்டையிலோ கோவில்பட்டியிலோ செய்ததாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்ரண்டிஸாகப் போகும் எங்கள் பிள்ளைகளை ஒரு வருஷத்தில் நாலு மெஷினிலாவது நிற்கவிட வேண்டும், அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை நிலம் கொடுக்கும்போதே அரசாங்கம் எழுதி வாங்க வேண்டும்.

அந்தப் பையனைத் திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டேன். பெரிய கம்பெனிகளில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒருநாள் டிராயிங்கோடு பேட்டைப் பக்கம் வாங்க. காலையில் ஒன்பது மணிக்கெல்லாம் பட்டறை திறந்திருக்கும்.