ஆட்களுக்கு 'தட்' போட்டால் தப்பா?

வேலூர், காட்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: "ஆங்கிலத்தில் ஆட்களைச் சொல்லும்போது 'ஹூ' (who) மட்டுமே வரும், 'தட்' (that) வராது. 'தி டாக்டர் தட் சா மீ' என்றால் இன்டர்வியூவில் மானம் போகும்."

தவறான தகவல். எந்த டாக்டர் என்று அடையாளம் காட்டும் துணைவாக்கியத்தில் 'தட்' ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். சொல்லப்போனால் இந்த வேலையில் 'ஹூ'வை விட 'தட்'தான் மூத்தது. 1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹி தட் இஸ் விதவுட் சின்' (பாவம் இல்லாதவன்) என்றே இருக்கிறது. அதே பைபிளில் வரும் பரமண்டல ஜெபத்தில் கடவுளுக்கே 'விச்' (which) போட்டிருக்கிறார்கள்! (இன்று 'விச்' ஆட்களுக்கு வராது.)

உண்மையான கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஃபார்வர்டு அதைத் தொடவே இல்லை. 'வேலூர் ஃபோர்ட், விச் ஹேஸ் எ மோட், இஸ் நியர்பை' என்பதைப் பாருங்கள். எந்தக் கோட்டை என்பது முன்பே தெரியும். அகழி உபரிச் செய்தி. இப்படிக் கமா போட்டுக் கூடுதலாகச் சொல்லும் இடத்தில் 'தட்' பொருந்தாது. ஆளாக இருந்தால் அங்கே 'ஹூ'தான்.

விண்ணப்பக் கடிதத்தில் 'ஹூ' எழுதுவது சிலருக்குப் பிடித்த நடை, அவ்வளவுதான். 'தி டாக்டர் ஐ சா' என்று 'ஹூ', 'தட்' இரண்டையும் விட்டுவிட்டாலும் சரியே. ஏனென்றால் அந்தத் துணைவாக்கியத்தில் டாக்டர் செயப்படுபொருள்.