பதினான்கு மாதம் காணாமல் போன திரை

ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் யாராவது "நெட் எங்க இருக்கு?" என்று கேட்டால், கடைக்கார அண்ணன் திரையில் இருக்கும் நீல நிற 'இ'யைக் காட்டுவார். அதற்குப் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸோடு சேர்த்தே கொடுத்த பிரவுசர், அதைப்போல வேறு பிரவுசர்களும் உண்டு என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்படிச் சேர்த்துக் கொடுத்ததற்காக மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குகள் வந்தன. "இலவசமாகத்தானே தர்றாங்க, இதுக்கு ஏன் வழக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன அமெரிக்கத் தீர்ப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2000-இல் நீதிபதி ஜாக்சன் கொடுத்தது. அடுத்த வருடமே மேல்முறையீட்டில், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது உண்மை என்றார்கள். பிரிக்கும் உத்தரவை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள். எனக்கென்னவோ ஐரோப்பாவில் நடந்ததுதான் இதைவிடப் பெரிய பாடமாகத் தெரிகிறது.

2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, பாட்டும் வீடியோவும் ஓட்டும் மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. கம்பெனி அதற்கு முதலில் வைக்கப் பார்த்த பெயர் 'ரெட்யூஸ்டு மீடியா எடிஷன்'. குறைப்பட்ட சரக்கு என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுவது போல! ஆணையம் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விலையை விட்டுவிட்டது. இரண்டு விண்டோஸும் ஒரே விலை. பாயசம் வேண்டாம் என்றாலும் சாப்பாட்டுக்கு அதே காசுதான் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? வாங்க ஆளே இல்லை.

அடுத்தது பிரவுசர். விண்டோஸோடு எக்ஸ்ப்ளோரரைச் சேர்த்தே கொடுப்பதையும் ஆணையம் கேள்வி கேட்டது. பிரவுசரே இல்லாத விண்டோஸ் 7 தருகிறோம் என்று கம்பெனி ஒரு யோசனை சொன்னது. அப்புறம் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ எதை வைத்து டவுன்லோட் செய்வதாம்? நல்லவேளை, அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஆணையத்துக்குக் கம்பெனி கொடுத்த வாக்குப்படி 2010 மார்ச்சில் தேர்வுத் திரை வந்தது. ஐந்து பெரிய பிரவுசர்கள் வரிசை மாறி மாறித் தெரியும், பக்கவாட்டில் தள்ளினால் சின்னவையும் வரும். பிடித்ததைச் சொடுக்கிக்கொள்ளலாம். உருப்படியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

2011 மே மாதம் முதல் 2012 ஜூலை வரை, விண்டோஸ் 7-இன் புதுப்பிப்புத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1-இல் அந்தத் திரையே வரவில்லை. ஒன்றரைக் கோடிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. தொழில்நுட்பத் தவறு என்றது கம்பெனி. சரி, இருக்கட்டும். 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதமும் விழுந்தது. எல்லோரும் அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசினார்கள்.

எனக்குக் கோபம் ஆணையத்தின் மேல்தான். பதினான்கு மாதம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 'ஒழுங்காக நடக்கிறோம்' என்று கம்பெனி அனுப்பிய அறிக்கைகளை நம்பிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த கதை. ஆணையம் இருக்கும் பிரசல்ஸில் ஏதாவது ஒரு கடையில் மாதம் ஒரு புது லேப்டாப் வாங்கி, ஆன் செய்து, திரை வருகிறதா என்று பார்க்க ஓர் ஆளைப் போட்டிருக்கலாம். பதினான்கு லேப்டாப் என்ன விலை ஆகியிருக்கும்?