19-ஆம் குரோமோசோமைப் பாருங்கள்

நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ பாதி, திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்தான் என்று இத்துண்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஆனால் அவை "எங்கும் ஒரே சீராகத் தூவிக் கிடக்கின்றன" என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

அலு என்ற துண்டையே எடுத்துக்கொள்வோம். சுமார் 300 எழுத்து (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வொரு அலகும் ஓர் எழுத்து) நீளம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள், மொத்த டிஎன்ஏவில் சுமார் 10%. மரபணுக்கள் நெருக்கமாக உள்ள இடங்களில்தான் இவை குவிந்திருக்கின்றன. 19-ஆம் குரோமோசோமில் கால்வாசி அலுதான். லைன்-1 என்ற இன்னொரு வகைத் துண்டுகள் நேரெதிர். மரபணுக்கள் குறைந்த பகுதிகளில்தான் அவை அதிகம். எக்ஸ் குரோமோசோமில் அவற்றின் பங்கு குறிப்பாக மிக அதிகம்.

இதில் எனக்குப் பெரிய வியப்பு என்னவென்றால், அலுவுக்குத் தானாக நகரும் திறன் கிடையாது. லைன்-1 தயாரிக்கும் நொதியை இரவல் வாங்கித்தான் புது இடத்தில் நுழைகிறது. ஒரே நொதி, வெட்டும் இடமும் ஒரே மாதிரி. அப்புறம் ஏன் குடியிருப்பு மட்டும் வேறு? நுழைந்த பிறகு எது தங்கியது, எது தலைமுறைகளில் கழிந்துபோனது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். முழு லைன்-1 ஒன்று சுமார் 6,000 எழுத்து நீளம். மரபணுவுக்குள் விழுந்தால் சேதம் அதிகம். கருவில் உடலமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக் கொத்துகளில் இப்படிப்பட்ட துண்டுகள் மிக அரிது. அங்கே சிறு குறுக்கீட்டுக்கும் இடமில்லை போலும்.

சென்ட்ரோமியர்களில், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கப் பிடிமானமாகும் பகுதிகளில், 171 எழுத்துத் துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதையும் கட்டுரை தொடவில்லை. 2022-இல்தான் அப்பகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டன. அடுத்த பகுதியில் அதை அவசியம் எழுதுங்கள்.