லாடக்காரர் வராத நாளும் பாக்கிப் பணமும்

குதிரை வைத்திருப்பவருக்கும் லாடம் அடிப்பவருக்கும் பணத் தகராறு என்று வந்தால், வேலை சரியில்லை என்பதில் ஆரம்பிப்பது குறைவு. பெரும்பாலும் "வரேன்னு சொல்லிட்டு வரல" என்பதில்தான் ஆரம்பிக்கும். உடனே குதிரைக்காரர் செய்யும் முதல் காரியம், போன தடவை வேலைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை நிறுத்தி வைப்பது. என்னைக் கேட்டால், சின்ன விஷயத்தைப் பெரிய சண்டையாக்குவதே இதுதான். செய்து முடித்த வேலைக்கான கூலி ஒரு கணக்கு. வராமல் போன நாள் இன்னொரு கணக்கு. அதனால் குதிரைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனில் கத்தினால் எதுவும் தீராது.

போன மாதம் அடித்த லாடம் இன்றைக்கும் குதிரையின் காலில் இருக்கிறது, அதன் மேல்தான் சவாரி போகிறீர்கள். அந்தக் கூலியை நிறுத்த உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. நிறுத்திய அன்றே உங்கள் பக்கத்து நியாயமும் போய்விடும். "காசு பாக்கி வச்சிருந்தாரு, அதான் போகல" என்று அவர் நாலு லாயத்தில் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

சரி, ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன குடியா முழுகிவிடும்? முழுகாது. குளம்புச் சுவர், அதாவது குளம்பின் கெட்டியான வெளி ஓடு, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். லாடம் போட்ட குதிரைக்கு 5 அல்லது 6 வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, வளர்ந்ததை வெட்டி, அரம் போட்டு, திரும்ப அடிப்பது வழக்கம். ஐந்தாவது வாரம் வர வேண்டியவர் ஆறாவது வாரம் வந்தால் நஷ்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எட்டு வாரத்தைத் தாண்டினால் கதை வேறு. குளம்பின் நுனி இரும்பால் மூடியிருப்பதால் தேயாது. குதிகால் பக்கம் மட்டும் லாடத்தின் மேல் உரசிக் கொஞ்சம் தேயும். ஆகவே நுனி நீண்டு, கோணம் சாய்ந்து, பாரம் பின்னால் விழுந்து, காலின் பின்பக்கத் தசைநார் இழுபடும். குளம்பு வளர வளர லாடமும் முன்னால் நகரும். அதன் இரண்டு முனைகளும் குதிகால் மூலைக்குள் அழுத்தி உள்ளே ரத்தம் கட்டும். மடக்கி விட்ட ஆணி முனைகள் எழும்பி அடுத்த காலைக் கீறும். ஒரு பக்கம் கழன்ற லாடத்தைக் குதிரையே மிதித்துப் பிடுங்கிவிட்டால் சுவரும் சேர்ந்து பெயரும், அடுத்த முறை ஆணி அடிக்க இடம் இருக்காது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. குதிரைக்காரர் ஏழு வாரம் சும்மா இருந்துவிட்டு, லாடம் ஆட ஆரம்பித்த பிறகு அவசரமாகக் கூப்பிட்டு, அவர் இரண்டு நாள் தாமதித்ததும் "உன்னாலதான் குளம்பு போச்சு" என்கிறார். அந்த ஏழு வாரம் யார் கணக்கு?

இன்னொன்று, வராத நாள் என்பது எப்போதும் லாடக்காரர் வராத நாள் அல்ல. அவர் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அறுபது கிலோமீட்டர் வந்து நிற்பார், குதிரை தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், பிடிக்கப் போன பையன் டீ குடிக்கப் போயிருப்பான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவு இதற்கு நேரடியாகப் பொருந்தும். வேலை செய்யத் தேவையான நியாயமான வசதியை வேலை கொடுத்தவர் செய்து தரவில்லை என்றால், செய்யாததற்கு வேலைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. 53ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வேலையைச் செய்ய விடாமல் தடுத்தவரிடம் நஷ்டமும் கேட்கலாம் என்கிறது.

நியாயமான வசதி என்றால் அரண்மனை லாயம் தேவையில்லை. நிழல், சமமான கெட்டித் தரை, கயிறு பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள், கழுவித் துடைத்துக் காய்ந்த கால்கள். நாலு காலுக்கும் லாடம் என்றால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் அவர் முதுகை வளைத்து நிற்க வேண்டும். சேற்றில் நின்று அடிக்கச் சொன்னால் அவர் மறுக்கலாம், மறுப்பதுதான் சரி. காலைத் தூக்கவே விடாத குதிரை என்றால் போனிலேயே சொல்லிவிட வேண்டும். மயக்க ஊசி போட வேண்டியிருந்தால் அது கால்நடை மருத்துவர் வேலை, அவரையும் அதே நேரத்துக்கு வரச் சொல்வது உங்கள் பொறுப்பு. உதைக்கிற குதிரை என்று மறைத்துவிட்டு, அவர் வந்து பார்த்துத் திரும்பிப் போனால், "வந்தும் வேலை செய்யல" என்று சொல்வது பொய்.

இப்படி உங்கள் பக்கம் தவறினால் எவ்வளவு கொடுக்கலாம்? முன்பே பேசி வைத்திருந்தால் அந்தத் தொகை. பேசவில்லை என்றால் போக வரப் பெட்ரோல், அதற்கு மேல் ஒரு குதிரைக்கு வெறுமனே குளம்பு வெட்டுவதற்கு அவர் வாங்கும் கூலி. இது என் அளவுகோல். முழு லாடக் கூலியையும் கேட்டால் அது அதிகம். இரும்பும் ஆணியும் அவரிடமே இருக்கின்றன, அடுத்த குதிரைக்கு ஆகும். உங்கள் குதிரைக்கென்றே அளவெடுத்து அலுமினிய லாடம் வாங்கி வந்திருந்தால் மட்டும் அந்தப் பொருள் விலையைக் கொடுத்து லாடத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவர் வராத பக்கம். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்துவதைத் தவறாக எடுக்கக் கூடாது. முந்தின லாயத்தில் ஒரு குதிரை முரண்டு பிடித்தாலே அன்றைய வரிசை முழுவதும் சரியும். போனும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அன்று மதியமே எழுத்தில் ஒன்று அனுப்பிவிட வேண்டும். குரல் பதிவு வேண்டாம். எழுத்துதான் பிறகு தேடி எடுக்க வசதி. இந்த மாதிரி:

"அண்ணா, வணக்கமுங்க. 12ஆம் தேதி காலைல 8 மணிக்கு வர்றதா பேசியிருந்தோம். 11 மணி வரைக்கும் குதிரையைக் கட்டி வச்சிருந்தோமுங்க. போன தடவை பாக்கி 1,200 ரூபாய் என்கிட்ட இருக்குது, அது உங்க காசு, அதுல பேச்சே இல்லீங்க. இந்தத் தடவைக்குக் குடுத்த முன்பணம் 1,000 உங்ககிட்ட இருக்குது. 15ஆம் தேதிக்குள்ள வர முடியுமான்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. முடியாதுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன், கணக்கை நேர் பண்ணிக்கலாமுங்க."

கோபம் ஒரு வார்த்தை கூட இல்லை. ஆனால் தேதி, நேரம், பாக்கி, முன்பணம், கெடு, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. பாக்கியை நீங்களே ஒப்புக்கொள்வது பலவீனம் இல்லை. பின்னாளில் யார் படித்தாலும் நீங்கள் நேர்மையாகக் கணக்குப் பார்த்தவர் என்று அந்த ஒரு வரிதான் காட்டும்.

அவர் பதில் சொல்லவில்லை, வேறு ஆளை வரவழைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எப்படி வரும்? தொகைகள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர் மாறும். முதல் ஆளின் கூலி 2,400, இரண்டாமவர் வாங்கியது 3,000. கூடுதல் செலவு 600. குதிரை பிடிக்க வந்த ஆளுக்கு அன்று வீணாகக் கொடுத்தது 500. முன்பணம் 1,000 திரும்ப வர வேண்டும். ஆக உங்களுக்கு வர வேண்டியது 2,100. நீங்கள் கொடுக்க வேண்டிய பழைய பாக்கி 1,200. கழித்தால் அவர்தான் உங்களுக்கு 900 தர வேண்டும் என்று வரும். சட்டப்படி இந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் நான் சொல்வது, பாக்கி 1,200இல் முன்பணம் 1,000ஐ மட்டும் கழித்து, மிச்சம் 200ஐ அன்றே அனுப்பி, "கணக்கு நேராச்சுங்க" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு 600, வீண் கூலி 500 என்ற அந்த 1,100 ரூபாய்க்காக ஒரு நல்ல கைக்காரரை இழப்பது முட்டாள்தனம். சுற்று வட்டாரத்தில் குதிரைக்கு ஒழுங்காக லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மாட்டு லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டுச் சமாளிக்கவும் முடியாது. காளையைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டாக எட்டுத் தகடு அடிக்கிற அந்தத் தொழில் முழுக்க வேறு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழித்துக்கொள்வதை அவரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு செய்யுங்கள். சொல்லாமல் குறைத்து அனுப்பினால் அதுவே அடுத்த தகராறு.

சரி, நாலு நாள் கழித்து அதே ஆள் சிரித்துக்கொண்டே வந்து நிற்கிறார், நீங்களும் வேலையை வாங்கிக்கொள்கிறீர்கள். அப்போது தாமதத்துக்கு நஷ்டம் கேட்கலாமா? நாள் முக்கியம் என்று பேசியிருந்த வேலையாக இருந்தாலும், 55ஆம் பிரிவின்படி, பிந்திச் செய்த வேலையை ஏற்கும்போதே "தாமதத்துக்கு நஷ்டம் கேட்பேன்" என்று சொல்லியிருந்தால்தான் கேட்க முடியும். வேலையெல்லாம் முடிந்து அவர் கிளம்பிய பிறகு நினைவு வந்து பிரயோஜனம் இல்லை.

முதல் ஆளிடம் சொல்லாமல் இரண்டாமவரை வரவழைத்து, மறுநாள் முதல் ஆளும் வந்து நிற்பது தனி வம்பு. மேலே சொன்னபடி கெடு வைத்து எழுதியிருந்தால் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. எழுதவில்லை என்றால் பெட்ரோல் காசு கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை.

குதிரைக்கு ஏற்பட்ட கேட்டுக்குப் பணம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். 73ஆம் பிரிவு நேரடியாக விளைந்த நஷ்டத்துக்கு மட்டுமே வழி விடுகிறது. சுற்றி வளைத்து வருவதற்குக் கிடையாது. அதோடு, நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கும். லாடம் ஒரு பக்கம் கழன்று ஆடுவது தெரிந்தும் மூன்று நாள் அப்படியே விட்டு, அது பிடுங்கிக்கொண்டு போனால் அந்தப் பழி உங்களுடையது. ஆடுகிற லாடத்தைக் கழற்றக் குதிரைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே மடங்கியிருக்கும் ஆணி முனைகளை அரத்தால் தேய்த்தோ நிமிர்த்தியோ விடுங்கள். பிறகு குறடால் ஆணிகளை ஒவ்வொன்றாக இழுங்கள். மடங்கிய முனையோடு லாடத்தை நெம்பினால் சுவர் கிழியும். கழற்றிய பின் பஞ்சு வைத்து, துணி சுற்றி, மேலே அகலமான ஒட்டு நாடாவைச் சுற்றி, மென்மையான தரையில் கட்டுங்கள். சவாரி வேண்டாம்.

படமும் அன்றே எடுங்கள். போனைத் தரையில் வைத்துக் குளம்பின் பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, காலைத் தூக்கி அடிப்பகுதி ஒன்று, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. முன்பக்கம் மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை அளந்தால், நம் ஊரில் அதிகம் பார்க்கிற மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரை மாதிரி உடம்புக்கு மூன்று அங்குலத்தை ஒட்டி இருக்கும். நாலை நெருங்கினால் நாள் மிகவும் தள்ளிவிட்டது என்று அர்த்தம். லாடம் அடித்த அன்று எடுத்த படமும் இருந்தால்தான் இதற்கு மதிப்பு. ஒப்பிட எதுவும் இல்லாத படம் வெறும் படம்தான்.

ஆணி உள் சதையில் பட்டு, அடித்த ஓரிரு நாளில் குளம்பு சூடாகி நொண்டினால் அது வேலைத் தவறு. வராத நாளோடு அதைச் சேர்த்துப் பேசாதீர்கள். முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள், எந்த ஆணி என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

லாடக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கி தரவில்லை என்பதற்காக அடித்த லாடத்தைக் கழற்றிக்கொண்டு போவேன் என்று மிரட்டுவது தப்பு. ஆணி அடித்து முடித்த பிறகு அது குதிரைக்காரர் பொருள், உங்களுக்கு வர வேண்டியது காசு மட்டும். வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். இந்தத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது என்பது உண்மை. அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், ஒப்புக்கொண்டு முடிந்தால் அதுவே இறுதி, மேல்முறையீடு கிடையாது.

குதிரைக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். ஆனால் ஆள் வைத்து லாபத்துக்காகச் சவாரிப் பள்ளி நடத்துபவரை நுகர்வோர் என்று ஏற்க மாட்டார்கள். தன் பிழைப்புக்காகத் தானே குதிரை ஓட்டுபவர் வரலாம். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி லாடம் அடிப்பவர் பதிவு பெற வேண்டும், புகாரை விசாரிக்க அதற்கென்று அமைப்பும் உண்டு. இங்கே ஒரு லாடக்காரரின் மூலதனம் அவர் பெயர்தான். அதனால்தான் வாட்ஸ்ஆப் குழுவில் பெயர், போட்டோ போட்டு "ஏமாத்துக்காரன்" என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். 1,000 ரூபாய்த் தகராறில் நீங்கள் அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த முறைக்குப் பேசும்போதே ஒரு செய்தியில் இவ்வளவையும் போட்டுவிடுங்கள்: எந்தக் குதிரை, எத்தனை கால், புது லாடமா பழையதைத் திருப்பி அடிப்பதா, கூலி எவ்வளவு, பெட்ரோல் அதில் அடக்கமா, எந்த நாள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்குள். வர முடியாவிட்டால் இரண்டு பக்கமும் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் சொல்ல வேண்டும், சொல்லாதவர் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு சின்னத் தொகை. பெரிய தொகை எழுதிப் பயனில்லை, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதியது உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமானதுதான் கிடைக்கும். முன்பணம் பொருள் விலையைத் தாண்ட வேண்டாம். அதையும் போனில் அனுப்பும்போது குறிப்பில் எதற்கு என்று எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குத் தனியாக ஒரு வரி: மழையால் நின்றால் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை, மழை விட்ட மூன்று நாளைக்குள் வேறு நாள்.