கிரிப்பில் பெயர் விழுந்தவன்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் தேநீர்க்கடையில் லோன் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு கிரிப்பில பேர் விழுந்திட்டுது" என்பார். கிரிப் (CRIB) என்றால் யாருக்கு என்ன கடன் என்று பதிந்து வைக்கிற பணியகம். ஆனால் பொலிசில் பெயர் விழுந்தது மாதிரி ஒரு தொனி. அந்த "அவர்" சில வருடங்கள் நான்தான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2018 கடைசியில் லீசிங்கில் ஒரு வேன் எடுத்தேன். மாதத் தவணை 58,000 ரூபாய். பிணைக்குக் கையெழுத்து வைத்தது சல்லி கிராமத்தில் இருக்கும் என் மச்சான். நிலாவெளி, புறாத்தீவு, கோணேசர் கோயில் என்று சுற்றுலாச் சீசனில் ஓடினாலே வருடத்தைத் தள்ளிவிடலாம் என்பது கணக்கு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு அந்தக் கணக்கு முடிந்தது. பிறகு கொரோனா. தவணைச் சலுகை கொடுத்தார்கள், கடனே நின்றுவிட்டது போல இருந்தோம். நின்றது தவணை மட்டும்தான், வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. 2022இல் வேன் ரோட்டில் ஓடியதைவிட டீசல் வரிசையில் நின்றதுதான் அதிகம். ஏழு தவணை நிலுவை.

நிலுவை விழுந்ததற்கு நாட்டைச் சொல்லலாம். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு யாரையும் சொல்ல முடியாது. லீசிங்கிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். மூன்று மாதம் அப்படியே போனது. முதல் தவணை பிந்தும்போதே நேரில் போய் நின்றிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

மச்சான் படகுக்கு எஞ்சின் வாங்க லோன் கேட்டுப் போனபோதுதான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. "நான் ஒருத்தருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்கேல்ல மச்சான். உன்ர வேன் என்ர பேரில நிக்குதாம்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே ஒருவர் வந்தார். 40,000 கொடுத்தால் கொழும்பில் ஆளைப் பிடித்து கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருவாராம். கொடுக்க என்னிடம் காசில்லை, அதனால் தப்பினேன். கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அது கறுப்புப் பட்டியல் இல்லை, கணக்குக் கொப்பி. ஒழுங்காகக் கட்டுகிற கடனும் அதில் இருக்கும், பிணை நின்ற கடனும் இருக்கும். எழுதுவது வங்கிகளும் லீசிங் கம்பனிகளும். இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதில்லை, முடிவெடுப்பது கடன் கொடுப்பவர்தான். 250இலிருந்து 900 வரை ஒரு புள்ளி உண்டு, கூடக் கூட நல்லது. உண்மையாக விழுந்த நிலுவையை எந்தத் தரகரும் அழிக்க முடியாது.

என்னுடைய அறிக்கையை எடுத்து குசினி மேசையில் விரித்து வைத்தேன். வேனை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது அதற்குக் கீழே இருந்த ஒரு கடனட்டை. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி எறிந்த அட்டை! அட்டையைத்தான் வெட்டினேன், கணக்கை மூடவில்லை. வருடக் கட்டணமும் அதன் வட்டியும் சேர்ந்து 11,000 சொச்சம் நிலுவையாய் நின்றது. அதை முதலில் கட்டி, கணக்கை மூடியதாகக் கடிதம் வாங்கினேன். அடுத்த அறிக்கையிலும் பழைய நிலுவையே கிடந்தது. பணியகம் தானாகத் திருத்தாது, தகவல் கொடுத்த இடம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். கடிதத்தோடு இரண்டு தரம் அலைந்தேன்.

வேனுக்கு மறுசீரமைப்புக் கேட்டேன். மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியிருந்த காலம், புது வட்டியைக் கேட்டதும் தலை சுற்றியது. ஆனாலும் 41,000 ஆகக் குறைந்த தவணையை என்னால் கட்ட முடிந்தது. அதற்குள் வேறு இடங்களில் லோன் கேட்டுத் திரியவில்லை. ஒவ்வொரு இடத்தில் கேட்பதும் அறிக்கையில் பதிவாகும், பார்க்கிறவனுக்கு "இவன் அந்தரப்படுகிறான்" என்று விளங்கிவிடும்.

கடனே எடுக்காதே என்று புத்தி சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினும் வேனும் கைக்காசில் வாங்குகிற ஊரா இது? என் கோபம் வேறு. ஒப்பந்தம் பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். "இங்க, இங்க, பிறகு இங்க" என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பிணை வைக்கிறவரின் பெயரிலும் இந்தக் கடன் நிற்கும் என்று மச்சானுக்குத் தமிழில் ஒரு வரி சொல்ல எத்தனை நிமிடம் போயிருக்கும்?

இப்போது தொடர்ந்து இரண்டு வருடம் பிந்தாமல் கட்டியிருக்கிறேன். புள்ளி மெல்ல ஏறுகிறது, ஆமை வேகம்தான். போன கிழமை மச்சான் புது லோன் விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். பிணையாளர் இடம் வெறுமையாக இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.