தலைக்குந்தா பனியும் கறுப்பனும்

வெள்ளைப் பனி கேமராவில் எடுக்கும் படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுவதைப் பற்றி உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எங்கள் நட்பே அந்தச் சாம்பலில்தான் தொடங்கியது.

ஒரு ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தாவில் உறைபனியைப் படம் எடுக்கப் போனேன். வெயில் ஏறினால் புல்லில் ஒன்றும் மிஞ்சாது, அவசர அவசரமாக எடுத்ததெல்லாம் மங்கல். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "ஒரு ஸ்டாப் கூட்டி வைங்க சார், வெள்ளையைக் கண்டா கேமரா ஏமாந்துடும்" என்றார். ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் படத்தில் விழும் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது. கூட்டினேன், சரியாக வந்தது. அப்புறம் அவருடைய நாய் கறுப்பன் குறுக்கே பாய்ந்தான். கறுப்புக்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டுமாம்! வெண்புல்லில் கறுப்பு நாய் என்றால் எதை நம்புவது? அந்த வாக்குவாதம் டீக்கடையில் பல வருடம் ஓடியது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். நாங்கள் உபரி ஒன்றைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்போம்.

போன வருடம் கறுப்பன் போய்விட்டான். இந்த முறை அவர் வரமாட்டார் என்றே டீக்கடை நண்பர்கள் நாங்கள் நினைத்தோம். வந்தார். கேமரா பையைத் திறந்தபோது லென்ஸுக்குப் பக்கத்தில் அவனுடைய கழுத்துப்பட்டை இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ சொன்னோம்.